மூன்றாம் பாகத்து எதிரியும் பரளச்சி அத்தையும்

தாய்மாமனாக இருப்பவனுக்கு வருடம் முழுக்க ஒரு வேலையும் கிடையாது. ஆனால் வேலை வருகிற அன்றைக்கு அவன் இல்லாமல் எதுவும் நடக்காது. காதுகுத்து வீட்டில் தகப்பன்கூடக் கொஞ்ச நேரம் பீடி குடிக்க ஒதுங்கலாம். தாய்மாமன் மடி இல்லாவிட்டால் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும், சொந்த அக்கா மகள் காதுகுத்தில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பிய ஒரு தாய்மாமன் உண்டு. அது நான்தான். அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் கேம்.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் ஆபீசில் கணக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்தால் கேம். கேம் முடிந்தால் அந்தக் கேமைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவது. (பார்த்தவர்கள் பெரும்பாலும் என் கூடப் படித்தவர்கள். அதிலும் பாதிப் பேர் என் முகத்தைக் கிண்டல் செய்வதற்காகப் பார்த்தவர்கள்.) எனக்குப் பிடித்தது பதுங்கிப் போகிற கேம்கள். சுட்டுத் தள்ளுவதெல்லாம் அதில் கிடையாது. நீங்கள் ஓர் ஒற்றன். காவலர்கள் நிற்கிற இடத்துக்குள் அவர்களுக்குத் தெரியாமல் நுழைந்து, காரியத்தை முடித்து, தெரியாமலே வெளியே வர வேண்டும். அதில் மூன்று பாகமாக வந்த ஒரு தொடர் இருந்தது. பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், சொல்லாமல் விடுகிறேன்.

முதல் பாகம் ஒரு கோட்டைக்குள் நடக்கும். குறுகலான சந்துகள், நிறைய தூண்கள். காவலர்கள் சுத்த மந்தம். ஒரே தடத்தில் செக்குமாடாகச் சுற்றுவார்கள். உங்களைப் பார்த்துவிட்டாலும் தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "ஒண்ணுமில்ல, எலி" என்று திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டாம் பாகம் துறைமுகம். அங்கே நாய்களைச் சேர்த்தார்கள். நாய்க்குக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, வாடையிலேயே பிடித்துவிடும். அதற்கு ஈடாக லெவலில் தண்ணீரை வைத்தார்கள், இறங்கி நடந்தால் வாடை போய்விடும். எதிரியும் இடமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். மூன்றாம் பாகத்தில்தான் வம்பு. பெரிய பாலைவனம், வெட்டவெளி, ஒதுங்க மறைப்பே கிடையாது. எதிரிகளோ எங்கோ தொலைவில் நின்றபடியே உங்களைக் கண்டுகொள்வார்கள். ஒருவன் பார்த்தால் எல்லாருக்கும் சொல்லிவிடுவான். ஒரு தடவை பார்த்தால் மறக்கவே மாட்டார்கள். மூன்றாம் பாகத்தை நான் வீடியோ வீடியோவாகத் திட்டினேன்.

அந்தத் திட்டைக் கேட்டுத்தான் கோயம்புத்தூரில் கேம் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. லெவல் வடிவமைக்கிற பிரிவில் ஒரு இடம் இருக்கிறதாம். வீடியோ காலில் இன்டர்வியூ. அந்தத் தொடரின் எதிரிகளையும் லெவல்களையும் ஒப்பிட்டுப் பேசத் தயாராக வரவும் என்று எழுதியிருந்தார்கள். அந்த மெயிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் மானம் போய்விடும். மில் ஆபீசில் உட்கார்ந்து கூன் விழுந்துகொண்டிருந்தவனுக்கு அது சாமி வரம் கொடுத்த மாதிரி.

நாள்தான் இடித்தது. அன்றைக்கே அக்கா மகள் தர்ஷினிக்கு மொட்டையும் காதுகுத்தும். பரளச்சிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது மச்சானின் குலசாமி கோயில். காதுகுத்து ஒன்பதரைக்கு, இன்டர்வியூ பதினொன்றரைக்கு. தாராளமாக நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் ஒரு இன்டர்வியூவுக்குப் போனபோது ஊருக்கே சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கிடைக்கவில்லை. தீபாவளி வரைக்கும் வழியில் பார்க்கிறவர்களெல்லாம் "என்னப்பா, அந்த வேலை என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர் கேட்டார்.

காதுகுத்துக்கு வர வேண்டிய ஆசாரி வரவில்லை. அவர் பைக் டயரில் கருவேல முள் ஏறி, வழியில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு தர்ஷினி அக்கா இடுப்பில் தூங்கிப்போனாள். பதினொன்றே காலுக்கு மச்சானின் பெரியப்பா எழுந்து, "பன்னெண்டுக்குள்ள குத்திரலாம், நேரம் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் இருங்க" என்று அறிவித்தார்.

அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் விட்டிருப்பாள். ஆனால் மச்சான் வீட்டார் விஷயம் வேறு. மாமன் சீர்த்தட்டில் வாழைப்பழம் ஒரு சீப்புக் குறைந்ததையே காலையிலிருந்து மூன்று பேர் பேசிவிட்டார்கள். அந்த நேரத்தில் மாமன் போனில் பேசப் போகிறான் என்றால் அக்காவைத்தான் குத்திக் காட்டுவார்கள். ஆகவே ஒற்றன் முடிவெடுத்தான். ஆசாரி இன்னும் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பேசுவதைக் கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, போனது யாருக்கும் தெரியாமல் வந்து மணையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

என்னுடைய ஆயத்தத்தைக் கேளுங்கள். கேமில் ஒற்றன் கறுப்பு உடை போட்டிருப்பான். நான் சரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை, நெற்றி நிறையச் சந்தனம். சுற்றிலும் கருகருவென்று கரிசல் மண். பருத்தி எடுத்து முடித்த காடு, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த பருத்திக் குச்சிகள். அதற்குமேல் உயரமாக அந்தக் காட்டில் இருந்தவை சாமியும் சீமைக்கருவேல மரமும்தான்.

பந்தலுக்குள் இருந்த வரைக்கும் எல்லாம் முதல் பாகம். அம்மா ஒரே தடத்தில் அடுப்புக்கும் பந்திக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் பந்தல் காலுக்குப் பின்னால் நழுவினேன். மச்சானின் பெரியப்பா என்னைப் பார்த்தார். சுண்டுவிரலைக் காட்டினேன். "போய்ட்டு வாங்க மாப்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு அவர் என்னை மறந்தே போனார். பந்தலுக்கு வெளியே இரண்டாம் பாகம். பிள்ளைகள் கூட்டம் ஒன்று என்னைக் கண்டதும் "மாமா எங்க போறீங்க, நாங்களும் வாரோம்" என்று கிளம்பியது. சட்டைப்பையில் இருந்த கல்கண்டை எடுத்து எதிர்ப்பக்கம் இறைத்தேன். நாய்க்குப் பிஸ்கட் போடும் உத்தி, அதே கேமில் கற்றதுதான். ஓடிவிட்டார்கள். எனக்குள் ஒரு கர்வம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

கோயில் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும், வீடியோ கால் நிற்காது. கண்மாய்க் கரை மேல் ஏறினால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். கருவேல மரங்களுக்குள் புகுந்து போனேன். மாலை முள்ளில் மாட்டியது. கழற்றி ஒரு கிளையிலேயே தொங்கவிட்டேன், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. கரை மேல் ஏறி நின்றபோது சரியாகப் பதினொன்றரை. கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. போனில் இரண்டு முகங்கள் வந்தன. ஒருவர் கண்ணாடி போட்ட சார், இன்னொருவர் குட்டை முடி வைத்த மேடம்.

"வெளிய எங்கயோ இருக்கீங்க போல?" என்றார் சார்.

"ஆமா சார், இயற்கைச் சூழல்ல பேசினா யோசனை நல்லா வரும்" என்றேன். (நெற்றியில் சந்தனத்தோடு.)

எனக்கு ஒரு பழக்கம், பேச ஆரம்பித்தால் நடக்க வேண்டும். கரை மேல் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே முதல் பாகத்தைச் சொன்னேன். மந்தமான காவலன் ஏன் அந்தக் குறுகிய சந்துக்குப் பொருத்தம் என்று விளக்கினேன். இரண்டாம் பாகத்து நாய்களையும் தண்ணீரையும் சொன்னேன். மேடம் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். உண்மையாகவே நன்றாகத்தான் பேசினேன். வேலை கிடைத்துவிட்டது, கோயம்புத்தூரில் வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்றுகூட உள்ளுக்குள் ஓடியது.

"மூணாவது பாகத்தைத்தான் ரொம்பத் திட்டியிருக்கீங்க. ஏன்?" என்று கேட்டார் மேடம்.

"மேடம், அது சுத்தப் போங்கு. லெவலைப் பெருசாக்கிட்டாங்க, அதை நிரப்பத் தெரியல. அதனால எதிரியோட கண்ணைப் பெருசாக்கிட்டாங்க. வெட்டவெளியில அவ்வளவு தொலைவுல ஒருத்தன் புள்ளி மாதிரித்தான் தெரிவான். அவன் யாருன்னு எந்த மனுசனாலயும் சொல்ல முடியாது. அதை நம்பவே முடியல மேடம்."

அந்த நேரம் காட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் போகிற ரோட்டில், ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதிலிருந்து ஒரு புள்ளி இறங்கியது. புள்ளியின் தலைக்கு மேல் ஒரு குடை விரிந்தது. புள்ளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தது.

"ஏலே, குமாரு."

என் அப்பாவின் தங்கச்சி, பரளச்சி அத்தை. அவள் குரலுக்கு மைக்செட் தேவைப்பட்டதே இல்லை. நான் கேட்காதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைத் தொடர்ந்தேன்.

"அது குமாருதானலே. நடையப் பாத்தா தெரியாதா. அங்கன என்னத்துக்குலே குறுக்கயும் மறுக்கயும் நடக்குற?"

"உங்களை யாரோ கூப்பிடுறாங்களா?" என்றார் சார்.

"இல்ல சார், ஆடு மேய்க்கிறவங்க. ஆட்டைக் கூப்பிடுறாங்க."

"ஆட்டுக்குப் பேரு குமாரா?"

நான் பதில் சொல்வதற்குள், கரைக்குக் கீழே நிஜமாகவே ஓர் ஆடு வந்தது. அதன் வாயில் என் மாலை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

நான் மெதுவாகக் குனிந்து, கரையின் மறுபக்கச் சரிவில் உட்கார்ந்துகொண்டேன். ஆபத்து வந்தால் உட்கார், அசையாதே. மூன்று பாகத்துக்கும் இதுதான் பொது விதி. ஆனால் அத்தை என்னைத் தேடிக் கரைக்கு வரவில்லை. "மாமன் கரையில நிக்கிறான்" என்று அம்மாவுக்குப் போன் போட வந்தாள். அந்த வட்டாரத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கரை என்பது எனக்கு மட்டுமா தெரியும்? போன் பேச வேண்டிய எல்லாரும் அங்கேதான் ஏறுவார்கள். ஒளிவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம், ஊருக்கே போன் பூத்.

மேலே ஏறி மூச்சு வாங்கியபடி அத்தை அம்மாவிடம் பேசினாள். "மதினி, ஒம் மகன் இங்க கம்மாக்கரையில குத்த வச்சு உக்காந்துருக்கான். வகுறு சரியில்லையோ என்னமோ." பிறகு குடையோடு இறங்கி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். திரையில் மேடத்தின் முகம்.

"யாருலே இது? பொண்ணு வீட்டுக்காரவுகளா?"

"அத்த, சும்மா இரு. ஆபீஸு."

"ஆபீஸுக்காரவுக எதுக்குலே கம்மாக்கரையில பேசுறாக?" அத்தை திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். "வணக்கம்மா. முடிய ஏன் வெட்டிட்ட தாயி, காய்ச்சலா?"

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து மைக்செட் கரகரத்தது. "தாய்மாமன் குமார் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். ஆசாரி வந்து காத்திருக்கிறார். தாய்மாமன் குமார் அவர்கள்." மைக்கை யாரோ பிடுங்கினார்கள். "பன்னெண்டாகப் போகுது, மாரிய உக்காரச் சொல்லுங்கப்பா, அவனும் மாமன் முறைதான்" என்றது மச்சானின் பெரியப்பா குரல். மாரி என் சித்தப்பா மகன். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"சரி, நீங்க சொல்லுங்க. மூணாவது பாகத்தை நீங்க பண்ணியிருந்தா எப்படி மாத்தியிருப்பீங்க?" என்று கேட்டார் சார். நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறு மாதமாகப் பதில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

மைக்கில் தர்ஷினி அழுதாள்.

தூக்கத்திலிருந்து எழுப்பி, தெரியாத மடியில் உட்கார வைத்து, காதில் ஊசி ஏற்றினால் எந்தப் பிள்ளைதான் அழாது. ஆனால் வீறிட்டு அழுததோடு நிற்காமல் "மாமா, மாமா" என்றாள். அவளுக்கு அப்போது தெரிந்த வார்த்தைகளே அம்மா, மாமா, காக்கா, அவ்வளவுதான். என்னைத்தான் கூப்பிட்டாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று தெரியாது. வேலையாவது வெங்காயமாவது என்று தோன்றிவிட்டது. "சாரி சார், சாரி மேடம்" என்று போனை அத்தை கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை எந்தப் பதுங்கலும் இல்லை. கருவேலத்துக்குள் நேராகப் புகுந்தேன். செருப்பு ஒன்று போயிற்று, வேட்டி தொடையிலிருந்து சரிகை வரை கிழிந்தது. வெட்டவெளியில் வெள்ளையாக ஒருவன் விழுந்தடித்து ஓடி வருவதைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நான் போய் நின்றபோது இடது காது முடிந்திருந்தது. மாரி மணையை விட்டு எழுந்தான். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாலை இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை, வேட்டி இரண்டு துண்டு.

"மடி இருக்கா, அதையும் எங்கயாச்சும் வச்சுட்டு வந்துட்டியா?" என்றாள்.

உட்கார்ந்தேன். தர்ஷினியை மடியில் வைத்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மலைக் குறைத்தாள். ஆசாரி வலது காதில் பொட்டு வைத்து ஊசியைக் கொண்டுவந்தார். ஓடி வந்த மூச்சு எனக்கு அடங்கவில்லை. என் நெஞ்சும் வயிறும் மடியும் சேர்ந்து தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தன. "கொஞ்சம் மூச்ச அடக்குங்க தம்பி" என்றார் ஆசாரி. அடக்கினேன். அடக்கிய மூச்சு அவர் குத்துகிற நேரம் பார்த்து வெளியே வந்தது. அதனால் தர்ஷினிக்கு வலது காது ஓட்டை இடதை விட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது. ஆசாரி மேல் குற்றம் சொல்ல முடியாது.

பந்தி முடிகிற நேரத்தில் அத்தை போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவரைக்கும் வீடியோ காலைத் துண்டிக்காமல் பேசியிருக்கிறாள். எனக்குச் சொந்தமாக ஓட்டு வீடு இருப்பதையும், குடிப்பழக்கம் இல்லாததையும், சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து தெளிந்ததையும் சொல்லியிருக்கிறாள். மேடத்துக்கு எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, அந்தக் கம்பெனியில் மதியச் சோறு போடுவார்களா என்று விசாரித்திருக்கிறாள். கடைசியில் கிடா வெட்டுக்கு இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். "நல்ல மனுசங்கலே. நான் பேசுனத அம்புட்டு நேரம் சிரிச்சுக்கிட்டே கேட்டாக. ஒனக்கு வேல நிச்சயம்" என்றாள்.

கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, வருந்துகிறோம் என்று மெயில் வந்தது. கீழே ஒரு வரி தனியாக: "உங்கள் அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்." அத்தையிடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். அடுத்த வருடம் மதுரையில் வேறு ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த இன்டர்வியூ கதவு சாத்திய அறைக்குள் நடந்தது. இடையில் மூன்றாம் பாகத்தைத் திரும்ப ஒரு முறை விளையாடிப் பார்த்தேன். எங்கோ மணல்மேட்டில் நிற்கிற எதிரி என் நடையைப் பார்த்துத் திரும்பினான். அதில் குறை சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய வீடியோக்களை எல்லாம் அழித்துவிட்டேன்.

வீட்டில் தர்ஷினியின் காதுகளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. இடது, மாரி காது. வலது, குமாரு காது. காதுவலி என்று அவள் அழுதால் அக்கா, "எந்தக் காது, மாரி காதா குமாரு காதா?" என்றுதான் கேட்பாள். போட்டோ எடுக்கும்போது தோடு நேராகத் தெரிய வேண்டும் என்று தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள அவளாகவே பழகிவிட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எடுத்த போட்டோவிலும் தலை சாய்ந்துதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

போன மாசியில் அவள் தம்பிக்குக் காதுகுத்து, அதே கோயிலில். ஆசாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே என்னை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள். என் போன் அவள் மடியில். மைக்செட்காரர் பழைய ஆள்தான். "தாய்மாமன் வந்து உட்கார்ந்துவிட்டார், உறவினர்கள் பயப்பட வேண்டாம்" என்று அறிவித்தார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் வேட்டி முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயும் போயிராத மாமா. தம்பிக்காச்சும் ரெண்டும் நேரா இருக்கட்டும்."